ரைஃபிள் குழலை எவ்வளவு சுத்தம் செய்வது, எங்கே நிறுத்துவது

கேள்வி இதுதான். கையில் ஒரு .308 (0.308 அங்குலத் தோட்டா) ரக, ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்பக்கப் போல்ட் என்னும் தண்டைக் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது. சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் குழலின் உள்பக்கம் கண்ணாடி போல மின்னும்வரை தேய்க்கச் சொல்கிறார் ஒருவர். குறி சிதற ஆரம்பிக்கும்வரை குழலில் கையே வைக்காதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? பிரஷ் எத்தனை தடவை ஓட்டுவது, எந்த எண்ணெய் போடுவது, எப்போது நிறுத்துவது?

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருக்கிறது. குழலுக்குள் படிவது ஒரே அழுக்கு இல்லை என்பதை இருவருமே விட்டுவிடுகிறார்கள். வெடிமருந்து எரிந்த கரி ஒன்று, தோட்டாவின் மேலுறையிலிருந்து உரியும் தாமிரம் ஒன்று, சில வகைத் தோட்டாக்களில் ஈயம், சில பழைய வகைகளில் உப்பு. ஒன்றைக் கரைக்கும் திரவம் இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது. ஒன்றை அன்றைக்கே எடுத்தாக வேண்டும், இன்னொன்றை மாதக்கணக்கில் விட்டாலும் குழலுக்கு ஒன்றும் ஆகாது. இது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். போல்ட்டைக் கழற்றி வையுங்கள், தோட்டாக்களை அடுக்கும் மேகசினை எடுங்கள், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் எதுவும் அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். "காலி என்று தெரியும்" என்ற நம்பிக்கையில்தான் விபத்துகள் நடக்கின்றன. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். சால்வென்ட்கள், அதாவது அழுக்கைக் கரைக்கும் திரவங்கள், தோல் வழியே உள்ளே போகும், துணியில் வரும் கறுப்பில் ஈயமும் இருக்கும். வேலை முடிந்து கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

இப்போது குழலுக்குள் போவோம். .308 குழலில் மேடுகளுக்கு நடுவே உள்ள விட்டம் 7.62 மி.மீ., பள்ளங்களுக்கு நடுவே 7.82 மி.மீ. அதாவது தோட்டாவைச் சுழற்றிவிடும் அந்தச் சுருள் பள்ளங்களின் ஆழம் ஒரு பக்கத்துக்கு வெறும் 0.1 மி.மீ. சாதாரணக் காகிதம் ஒன்றின் கனம்தான். இந்தச் சின்ன உயர வித்தியாசத்தை வைத்துத்தான் வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும் தோட்டா நேராகப் போகிறது. எதைக் கொண்டு தேய்த்தாலும், எந்தப் பசையைப் பூசினாலும், இந்த 0.1 மி.மீ. நினைவில் இருக்கட்டும்.

குழலில் இரண்டு இடங்கள் மற்ற இடங்களை விட முக்கியம். ஒன்று, சேம்பர் முடிந்து, ரைஃபிளிங் எனப்படும் அந்தச் சுருள் பள்ளங்கள் தொடங்கும் இடம், த்ரோட் என்பார்கள். இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடான வாயு முதலில் தாக்குவது அதைத்தான், முதலில் தேய்வதும் அதுதான். இன்னொன்று குழல் வாயின் விளிம்பு, அதாவது க்ரௌன். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் ஒரு சிறு கீறலோ பிசிறோ இருந்தால், தோட்டாவின் அடிப்பாகம் வெளியேறும் அந்த நொடியில் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீய்ச்சி தோட்டாவைச் சாய்த்துவிடும். குழல் முழுக்கப் பளபளவென்று இருந்தும் க்ரௌன் போயிருந்தால் அந்த ரைஃபிள் சரியாகச் சுடாது.

க்ரௌனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைக் குழல் வாய்க்குள் லேசாக விட்டு, விளிம்பை ஒட்டி வெளிப்பக்கமாக இழுங்கள். சுற்றிலும் இப்படியே செய்யுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் க்ரௌனை மறுபடி வெட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும், பெரிய வேலை இல்லை.

க்ரௌனும் த்ரோட்டும் பழுதாவது பெரும்பாலும் சுடுவதால் மட்டுமல்ல, சுத்தம் செய்வதாலும்தான். குறிப்பாக, மூன்று நான்கு துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவான கம்பிகளால். திருகு சேரும் இடத்தில் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அழுத்தும்போது கம்பி வளைந்து குழலின் சுவரில் உரசும். அதை வாய்ப்பக்கமிருந்து விட்டால் ஒவ்வொரு தடவையும் க்ரௌனில் அரம் போட்ட மாதிரிதான். ஆகவே பணத்தைச் செலவழிக்க ஒரே இடம் என்றால் அது கம்பிதான். கார்பன் ஃபைபரோ மேற்பூச்சு உள்ள எஃகோ, எதுவாக இருந்தாலும் ஒரே துண்டாக இருக்க வேண்டும், உங்கள் குழலின் விட்டத்துக்கு (காலிபருக்கு) ஏற்ற கனத்தில் இருக்க வேண்டும். கைப்பிடியில் பேரிங் இருக்க வேண்டும். அப்போதுதான் பிரஷ் ரைஃபிளிங்கைப் பின்பற்றித் தானாகச் சுழலும். பேரிங் இல்லாத கம்பியில் பிரஷ் பள்ளங்களுக்குக் குறுக்கே இழுபடும், மூலையில் இருப்பது அப்படியே இருக்கும். மேற்பூச்சு மென்மையாக இருப்பதால் தூசி அதில் பதியும் என்றொரு வாதம் உண்டு. அது உண்மைதான், அதனால்தான் ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் கம்பியை ஒரு துணியால் துடைத்துவிடச் சொல்வது.

அடுத்தது போர் கைடு. போல்ட் இருந்த இடத்தில் செருகும் ஒரு குழாய், அவ்வளவுதான். கம்பியைக் குழலின் மையத்தில் பிடித்துக்கொள்ளும், த்ரோட்டில் உரச விடாது. அதைவிட, சால்வென்ட் வழிந்து ட்ரிக்கருக்கும் மரக்கட்டைக்கும் போகாமல் தடுக்கும். ட்ரிக்கர் திடீரென்று பிசுபிசுத்து இழுக்கிறது என்று கொண்டுவரப்படும் ரைஃபிள்களில் பலவற்றில் உள்ளே உறைந்து கிடப்பது பழைய சால்வென்ட்டும் எண்ணெயும்தான். கைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுத்தம் செய்யும்போது குழல் வாய் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கட்டும்.

சரி, வேலையைத் தொடங்கலாம். கரியிலிருந்து ஆரம்பியுங்கள். கம்பி முனையில் ஜாக் என்னும் கூர்முனை. அதன்மேல் பேட்ச் எனப்படும் சின்னப் பருத்தித் துணி, கரிக்கான சால்வென்டில் நனைத்தது. பின்பக்கமிருந்து வாயை நோக்கி ஒரே ஓட்டமாகத் தள்ளுங்கள். ஜாக் வாய்க்கு வெளியே எட்டிப் பார்த்ததும் துணி தானாக விழும். அதற்கு மேல் தள்ளாதீர்கள். நாலு அங்குலம் வெளியே நீட்டினால் கம்பி தன் எடையில் க்ரௌன்மேல் உட்கார்ந்துவிடும். மெதுவாகத் திரும்ப இழுத்து, கம்பியைத் துடைத்து, அடுத்த துணி. முதல் துணி தார் பூசியது போல வரும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று ஈரத் துணி போன பிறகு பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கரைப்பது சால்வென்டின் வேலை, உங்கள் தோளின் வேலை இல்லை.

அப்புறம் வெண்கல பிரஷ். பிரஷைப் புட்டிக்குள் முக்காதீர்கள், முக்கினால் அழுக்கெல்லாம் புட்டிக்குள் போய்விடும். சொட்டு சொட்டாக பிரஷ் மேல் விடுங்கள். பத்து முறை போய்வந்தால் போதும். பிரஷ் முழுவதும் வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். நடுவழியில் திசை மாற்றினால் மயிர்கள் மடங்கி பிரஷ் மாட்டிக்கொள்ளும், மாட்டினால் எடுப்பது தலைவலி. பிரஷை வாய்ப்பக்கமாகத் திரும்ப இழுக்கலாமா, ஒவ்வொரு தடவையும் கழற்றிவிட்டுத்தான் கம்பியை இழுக்க வேண்டுமா என்று ஒரு முடிவில்லாத சண்டை நடக்கிறது. வெண்கலம் எஃகை விட மென்மையானது. நேராகவும் நிதானமாகவும் இழுத்தால் அது க்ரௌனைக் கெடுக்காது. நான் இழுத்துவிடுவேன். கெடுப்பது வளைந்த கம்பி, வெண்கல மயிர் அல்ல. ஸ்டெயின்லெஸ் எஃகு பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், எந்த விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

மறுபடி இரண்டு ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணிகள். துணி லேசான சாம்பல் நிறத்தில் வந்தால் கரி வேலை முடிந்தது. வெள்ளை வெளேரென்று வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு சுத்தமான குழலிலும் சால்வென்ட் விட்டுத் தள்ளினால் கொஞ்சம் சாம்பல் வந்துகொண்டுதான் இருக்கும். நிறைய பேர் அரை நாளையும் ஒரு கட்டுத் துணியையும் இங்கேதான் தொலைக்கிறார்கள்.

இனி தாமிரம். தோட்டாவின் மேலுறை பெரும்பாலும் தாமிரத்தோடு ஐந்து முதல் பத்து சதவீதம் துத்தநாகம் கலந்த உலோகம். அது ரைஃபிளிங்கின் மேடுகளில் உரிந்து ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்து வாய்ப்பக்கமிருந்து பார்த்தால் செம்பு நிறக் கோடுகள் தெரியும். இதைக் கரிக்கான சால்வென்ட் அசைக்காது. அம்மோனியா உள்ள சால்வென்ட் வேண்டும், அல்லது அம்மோனியா இல்லாமல் தாமிரத்தைக் கரைக்கும் புதிய வகைகள். அம்மோனியா தாமிரத்தோடு சேர்ந்தால் அடர் நீலம் வரும். துணியில் வரும் அந்த நீலம்தான் உங்களுக்கு அளவுகோல். கவனித்துப் பார்த்தால் நீலம் துணி முழுக்கப் பரவியிருக்காது, மேடுகள் பதிந்த இடத்தில் கோடு கோடாக இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெண்கல பிரஷிலும் பித்தளை ஜாக்கிலும் தாமிரம்தான் இருக்கிறது. அவற்றை அம்மோனியா சால்வென்டோடு பயன்படுத்தினால் சால்வென்ட் பிரஷையே கரைத்து நீலம் காட்டிக்கொண்டே இருக்கும். குழல் எப்போதோ சுத்தமாகியிருக்கும், நீங்கள் பிரஷைக் கரைத்துக்கொண்டிருப்பீர்கள். தாமிர வேலைக்கு நைலான் பிரஷும், நிக்கல் பூசியதோ பிளாஸ்டிக்கோ ஆன ஜாக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புட்டியில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம்தான். அம்மோனியா வகையை ராத்திரி முழுக்கக் குழலில் ஊறவிடாதீர்கள். முடிந்ததும் அதை முழுவதுமாகத் துடைத்து எடுக்க வேண்டும். இரண்டு வேறு சால்வென்ட்களைக் குழலுக்குள்ளே ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். அம்மோனியாவோடு ப்ளீச்சிங் திரவம் சேர்ந்தால் நச்சு வாயு வரும், அதனால் அந்த இரண்டும் ஒரே அலமாரியில்கூட வேண்டாம்.

இந்தத் தாமிர வேலையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. கேள்வியில் வரும் அந்த இரண்டாவது நபர் சொல்வது இந்த இடத்தில் சரி. நன்றாக மெருகேற்றிய குழலில் தாமிரம் ஓரளவு படிந்து, அதற்கு மேல் படியாமல் ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில்தான் பல குழல்கள் நன்றாகச் சுடுகின்றன. முழுக்கச் சுரண்டி எடுத்தால் அடுத்த முறை இரண்டு முதல் ஐந்து தோட்டா வரை வேறு எங்காவது போய்ப் படும், பிறகுதான் நிலைக்கு வரும். போட்டியாளர்கள் சுத்தம் செய்த குழலில் கணக்குக்கு முன் சில தோட்டாக்களைச் சும்மா சுட்டுவிட்டு ஆரம்பிப்பது இதனால்தான். வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது, அவருக்கு முதல் தோட்டாதான் எல்லாம். அவர் முந்தின நாளே சில தோட்டா சுட்டு, உலர்ந்த துணி மட்டும் ஓட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. உள்ளே கருவிக் கோடுகள் அதிகமுள்ள சொரசொரப்பான குழல் என்றால் தாமிரம் வேகமாகச் சேரும், அதற்கு அடிக்கடி தேவைப்படும். எது உங்கள் குழல் என்பதை உங்கள் க்ரூப்தான், அதாவது இலக்கில் தோட்டாக்கள் சேர்ந்து விழும் வட்டம்தான், சொல்லும். அதே தோட்டா, அதே தூரம், காற்றும் இல்லை, ஆனால் க்ரூப் விரிகிறது என்றால் அப்போது தாமிரத்தை எடுங்கள்.

கரியிலும் ஒரு முரட்டு வகை உண்டு. சேம்பரின் முன்முனையில், தோட்டா உறையின் (வெடிமருந்தை அடக்கிய பித்தளைக் கூட்டின்) கழுத்து முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், வளையம் போலக் கெட்டியாகக் கரி இறுகும். வாரக்கணக்கில் விட்டால் கல் போல ஆகிவிடும். உறையின் கழுத்து விரிந்து தோட்டாவை விடுவதற்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். போல்ட் திடீரென்று கனமாகத் திறக்கிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம். குழல் பிரஷ் இதைத் தொட்டும் தொடாமலும் போய்விடும். கொஞ்சம் பெரிய அளவு பிரஷில் துணி சுற்றி, கார்பன் சால்வென்டில் நனைத்து, அந்த இடத்தில் மட்டும் வைத்துச் சுழற்ற வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மென்மையான தேய்ப்புப் பசை, அதுவும் துணியில் கொஞ்சமாக, சில சுற்று மட்டும். பசையைக் குழல் முழுக்க வாரம் தவறாமல் போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். த்ரோட்டைத் தாங்களே அரைத்துக்கொள்கிறார்கள், வேறென்ன சொல்ல?

போர்ஸ்கோப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் கேமராவைக் குழலுக்குள் விட்டால் பெரிதாக்கிக் காட்டும். கரி வளையத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் முதல் தடவை பார்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். கருவிக் கோடுகள், சின்னக் குழிகள், த்ரோட்டில் வெடித்த சேறு போன்ற விரிசல்கள் எல்லாம் திரையில் பிரம்மாண்டமாகத் தெரியும். அந்த விரிசல்கள் சூட்டினால் வருபவை. எத்தனை சுத்தம் செய்தாலும் போகாது, அதோடேயே பல குழல்கள் அருமையாகச் சுடும். கேமராவில் தெரிவதை எல்லாம் எடுத்தே தீருவேன் என்று இறங்காதீர்கள்.

பின்பக்கமிருந்து கம்பி விட முடியாத ரைஃபிள்களும் நிறைய உண்டு. லீவர் ஆக்‌ஷன், பல செமி ஆட்டோமேட்டிக், எம் 1 கராண்ட் என்னும் பழைய அமெரிக்க இராணுவ ரைஃபிள் போன்றவை. அவற்றுக்கு வாயில் செருகும் காப்பு வளையத்தோடு கம்பி விடலாம், அல்லது புல்த்ரூ. புல்த்ரூ என்றால் கயிறோ கேபிளோ, ஒரு முனையில் துணி. சேம்பர் பக்கமாக விட்டு வாய்வழியே இழுப்பது. பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு த்ரீ நாட் த்ரீயின் (.303) பின்கட்டையிலேயே ஒரு சின்ன மூடி போட்டு, உள்ளே புல்த்ரூவும் எண்ணெய்ப் புட்டியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். இழுக்கும்போது நேராக இழுங்கள். கயிறு ஒரு பக்கமாக உரசிக்கொண்டே வந்தால் க்ரௌனில் வாய்க்கால் விழும். இராணுவத் துப்பாக்கிகளில் இந்தத் தேய்மானத்தைப் பார்க்கலாம். பாம்பு போலத் தடிமனான கயிறு பிரஷ் களத்தில் ஒரு அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதைத் துவைக்காமல் பயன்படுத்தினால் நேற்றைய அழுக்கை இன்றைக்குத் திரும்பப் பூசுகிறீர்கள்.

உப்பு விஷயத்தில் மட்டும் தாமதமே கூடாது. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் ப்ரைமரில், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் படியும். சாப்பாட்டு உப்பைப் போலவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு துருப்பிடிக்கச் செய்யும். காற்றில் ஈரம் அதிகமென்றால் மறுநாளே துருவைக் காணலாம். எண்ணெயில் உப்பு கரையாது, அதனால் எண்ணெய் பூசிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வேண்டியது தண்ணீர். வெந்நீராக இருந்தால் நல்லது, குழல் சூடாகித் தானே சீக்கிரம் உலரும். த்ரீ நாட் த்ரீ காலத்துச் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றியது இதற்குத்தான். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தின் அம்மோனியா உப்பை முறிக்கும் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. முறிக்கவெல்லாம் இல்லை, அதிலுள்ள தண்ணீர்தான் உப்பைக் கழுவுகிறது. தண்ணீருக்குப் பின் நன்றாக உலர்த்தி, வழக்கமான சுத்தம், பிறகு எண்ணெய். போல்ட்டின் முகத்தையும், வாயுவால் இயங்கும் வகை என்றால் பிஸ்டனையும் கழுவ மறக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் எம் 1 கார்பைன் துப்பாக்கிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே உப்பில்லாத ப்ரைமர் வைத்தார்கள், அதன் பிஸ்டனைச் சிப்பாய் களத்தில் கழற்றிக் கழுவ முடியாது என்பதால். இன்றைய தொழிற்சாலைத் தோட்டாக்களில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. கருமருந்து போட்டுச் சுடும் பழைய வகைகளுக்கோ தண்ணீரும் சோப்பும்தான் இன்றும் முதல் மருந்து.

குழலின் உள்ளே குரோமியம் பூசியிருந்தால் எளிதில் துருப்பிடிக்காது, சுத்தம் செய்வதும் எளிது. அந்தப் பூச்சின் அருமையை வியட்நாமில்தான் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க இராணுவத்தின் எம் 16 ரைஃபிள் அங்கே முதலில் போனபோது சேம்பரில் குரோமியம் இல்லை, போதுமான சுத்தம் செய்யும் கருவிகளும் கூடப் போகவில்லை. இதற்குப் பெரிதாகப் பராமரிப்பு தேவையில்லை என்ற பேச்சும் இருந்தது. வெடிமருந்தின் வகையும் இடையில் மாறியிருந்தது. காட்டின் ஈரத்தில் சேம்பர் துருவேறி, உறைகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. பிறகு குரோமியம் வந்தது, கருவிகள் வந்தன, சிப்பாய்கள் படிக்கவேண்டும் என்பதற்காகப் படக்கதை வடிவில் ஒரு கையேடே அச்சடித்துக் கொடுத்தார்கள். ஸ்டெயின்லெஸ் குழல் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது துருவைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது.

பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிளுக்கு இந்தப் பெரும்பாலான வேலை வேண்டாம். தோட்டா மென்மையான ஈயம், மேலே மெழுகு, வேகமும் குறைவு. மெழுகு குழலில் மெல்லியதாகப் பூசிக்கொள்ளும், அந்தப் பூச்சோடுதான் அது நன்றாகச் சுடும். அவ்வப்போது ஒன்றிரண்டு துணி ஓட்டுங்கள், சேம்பரை மட்டும் சுத்தமாக வையுங்கள். ஏர் ரைஃபிளுக்கோ இன்னும் குறைவு. அதற்கென்று விற்கும் ஃபெல்ட் உருண்டைகளோ மெல்லிய புல்த்ரூவோ போதும். வெண்கல பிரஷும் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெயும் சால்வென்டும் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் வகையில் அந்த எண்ணெய் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் தீப்பற்றி வெடிக்கும், ரப்பர் சீல்களும் கெடும்.

எண்ணெய்க்கு வருவோம். சுத்தம் முடிந்ததும் ஒரு துணியில் சில சொட்டு துப்பாக்கி எண்ணெய், ஒரே ஒரு ஓட்டம். மெல்லிய படலம் போதும், வழிய வேண்டியதில்லை. அதிகம் விட்டால் பின்னால் இறங்கி மரக்கட்டையை ஊறவைக்கும். நீண்ட நாள் வைப்பதானால் வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துவது இதனால்தான். டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் மாதக்கணக்கில் துருவைத் தடுக்க அதை நம்பாதீர்கள். மறுநாள் ஒரு உலர்ந்த துணி விட்டுப் பாருங்கள். முந்தின நாள் கரையாமல் கிடந்த கரி எண்ணெயில் ஊறிக் கறுப்பாக வரும். அது வழக்கம்தான், துடைத்துவிட்டு மறுபடி மெல்லிசாகப் பூசிவிடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியிலும் தோல் உறையிலும் ரைஃபிளை நிரந்தரமாக வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உலோகம் வியர்க்கும். அது அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால்தான் வேலை செய்யும்.

அடுத்த முறை சுடப் போவதற்கு முன் அந்த எண்ணெயை எடுத்தாக வேண்டும். உலர்ந்த துணி ஒன்று குழலுக்கு, ஒன்று சேம்பருக்கு. சேம்பரில் எண்ணெய் இருந்தால் தோட்டா உறை சுவரைப் பற்றிக்கொள்ளாது, அந்த விசை முழுவதும் போல்ட்டின் மேல் விழும். அப்புறம் போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டமாக முழு வெளிச்சம் தெரிய வேண்டும். ஜாக்கிலிருந்து நழுவிய ஒரு துணி உள்ளே கிடந்தாலும் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். மண்ணும் தண்ணீரும் அப்படியே. துணி மாட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கமிருந்து கம்பியால் தள்ளி எடுங்கள். தோட்டாவே மாட்டியிருந்தால் கை வைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். எதுவானாலும் இன்னொரு தோட்டாவைச் சுட்டு வெளியே தள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஆக, உங்கள் .308க்கு நான் சொல்வது: சுட்ட நாளிலேயே, குழல் லேசாகச் சூடாக இருக்கும்போதே, கரிக்கு ஈரத் துணி சில, பத்து முறை பிரஷ், உலர்ந்த துணி, மெல்லிய எண்ணெய். அரை மணி நேர வேலை. சேம்பர் முனையின் கரி வளையத்தை அவ்வப்போது. தாமிரத்தை க்ரூப் விரியும்போது மட்டும். என்ன சுட்டீர்கள், எத்தனை சுட்டீர்கள், எப்போது தாமிரம் எடுத்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் குழலுக்கு எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை தாமிரம் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அது வேறு யாருடைய ரைஃபிளின் எண்ணிக்கையாகவும் இருக்க வேண்டியதில்லை.

தாமிரம், கரி இரண்டையும் முழுதாக எடுத்த பிறகும் க்ரூப் திரும்பவில்லை என்றால் மேலும் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகளையும், குழலும் போல்ட்டும் பொருந்தும் பகுதியான ஆக்‌ஷனைக் கட்டையோடு இணைக்கும் திருகுகளையும் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான். பிறகு க்ரௌன், அந்தப் பஞ்சுக் குச்சிச் சோதனை. இவையும் சரியாக இருந்து, நோட்டில் எண்ணிக்கை ஐயாயிரத்தை நெருங்கியிருந்தால், .308 வகையில் துல்லியமாகச் சுடும் குழல்கள் பொதுவாக ஓய்வுபெறும் வயது அதுதான். த்ரோட் போய்விட்டது, புதுக் குழல் பொருத்துங்கள்.